கணிப்பொறி படிக்காத பக்கங்கள்

(முதுகலை வணிகவியல், இரண்டாம் ஆண்டு)

ஓர் அலுவலகத்தின் நினைவாற்றல் அதன் கோப்புகளில் இருக்கிறது. மனிதர் மாறுவர், மேசைகள் மாறும், கட்டடங்கூட மாறும். கோப்பு மட்டும் நின்று நடந்ததைச் சொல்லும். அதனாலன்றோ, வழக்கென்று வந்துவிட்டால் வக்கீல் முதலில் கேட்பது, "காகிதம் இருக்கிறதா?" என்பதாக இருக்கிறது!

அந்தக் காகிதம் இன்று பெரும்பாலும் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. நடுத்தரமான ஒரு நிறுவனத்தின்மேல் வழக்கு வந்தாலும், பார்க்க வேண்டிய மின்னஞ்சல்களும் கணக்குத் தாள்களும் ஒப்பந்தங்களும் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றாக மனிதர் படித்து முடிப்பது நடவாத காரியம். எனவே, அவற்றைத் திரட்டிப் பிரித்துத் தேடுவதற்கு வகைசெய்யும் மென்பொருள்கள் தோன்றின. இவற்றை ஆவண ஆய்வு மென்பொருள்கள் எனலாம். அமெரிக்காவின் சிக்காகோவில் தோன்றிய ரிலேட்டிவிட்டி, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் தோன்றிய நியூக்ஸ் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகையே பரபரப்பில் ஆழ்த்திய பனாமா ஆவணங்களை நண்பர்கள் அறிந்திருக்கலாம். ஏறத்தாழ 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள்; 2.6 டெராபைட் அளவு. பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் அவற்றைத் தேடிப் படிப்பதற்கு உதவிய மென்பொருள்களுள் நியூக்ஸும் ஒன்று.

இளங்கலை முடித்தபின் சென்னையில் இரண்டாண்டுகள் நான் இத்தகைய ஆவண ஆய்வுப் பணியில் இருந்தேன். அயல்நாட்டு வழக்குகளுக்கான ஆவணங்களைப் படித்துத் தரம் பிரித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் அங்கே உண்டு. வணிகவியலோ ஆங்கிலமோ வரலாறோ படித்த நம் மாணவர்களும் அப்பணிக்குச் செல்ல முடியும். அங்கே நான் கற்றவற்றுள் தலையாயது ஒன்றை இங்கே விளக்க விரும்புகிறேன். கணிப்பொறியில் ஒரு சொல்லைத் தேடுகிறோம். "இல்லை" என்று விடை வருகிறது. அந்த விடைக்கு இரண்டு பொருள் உண்டு. ஆவணங்களில் அச்சொல் உண்மையிலேயே இல்லாதிருக்கலாம். அல்லது, அச்சொல் உள்ள பக்கத்தைக் கணிப்பொறி படிக்காமலே விட்டிருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இந்தக் கலையின் உயிர்நாடி.

கோப்புகள் கடக்கும் படிகள்

கொண்டுவந்து போட்ட கோப்பை மென்பொருள் அப்படியே தேடிவிட முடியாது. முதலில் பதப்படுத்த வேண்டும். களத்துமேட்டில் நெல் அடித்து, தூற்றி, அளந்து, மூட்டை கட்டுவதுபோல இதற்கும் வரிசையான படிகள் உண்டு.

முதற்படி, கோப்பைப் பதிவுசெய்வது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் உள்ளடக்கத்திலிருந்து ஹேஷ் எனப்படும் அடையாளத்தையும் கணக்கிடுவர். இது கோப்பின் கைரேகை போன்றது. உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் ஹேஷ் முற்றிலும் வேறாகிவிடும்.

இரண்டாம் படி, மூட்டை பிரிப்பது. ஜிப் கோப்பு ஒன்றினுள் நூறு கோப்புகள் இருக்கலாம். அவுட்லுக் மடற்பெட்டி ஒன்றினுள் பல்லாயிரம் கடிதங்களும் அவற்றின் இணைப்புகளும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனியே எடுக்க வேண்டும். அதே வேளையில், எந்த இணைப்பு எந்தக் கடிதத்தோடு வந்தது என்ற உறவு அறுந்துவிடக் கூடாது. "இத்துடன் இணைத்துள்ள பட்டியலைப் பார்க்க" என்ற கடிதத்தைப் பட்டியலிலிருந்து பிரித்துவிட்டால் இரண்டுக்கும் பொருளில்லை.

மூன்றாம் படி, வேண்டாதவற்றை ஒதுக்குவது. கணிப்பொறி இயங்குவதற்கான மென்பொருள் கோப்புகள் ஆயிரக்கணக்கில் வரும். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் அத்தகைய கோப்புகளின் ஹேஷ் பட்டியல் ஒன்றை வெளியிட்டு வருகிறது. அதனோடு ஒப்பிட்டு அவற்றை விலக்கலாம். ஒரே கடிதம் பத்துப் பேருக்குச் சென்றிருந்தால் ஒன்றை வைத்து, ஏனைய ஒன்பதையும் நகல்கள் என்று குறித்து ஒதுக்கலாம். ஆனால் அந்த ஒன்பது பேரின் பெயரும் பதிவில் இருக்க வேண்டும். "எனக்கு அது தெரியவே தெரியாது" என்று ஒருவர் நாளை சாட்சி சொல்லக்கூடும் அல்லவா?

நான்காம் படி, எழுத்தை வெளியே எடுப்பது. கோப்பிலுள்ள சொற்களை உருவி, தேடுவதற்கான சொல்லடைவு ஒன்றை மென்பொருள் அமைக்கும். ஸ்கேன் செய்த படமாக இருந்தால், படத்திலிருந்து எழுத்தை உணரும் முறையை முதலில் பயன்படுத்த வேண்டும். டெஸராக்ட் போன்ற இலவச மென்பொருள்கள் தமிழ் எழுத்தையும் இவ்வாறு உணர வல்லவை.

ஆய்வாளர் தம் இருக்கையில் அமர்ந்து தேடத் தொடங்குவது இத்தனைக்கும் பிறகுதான். தேடலும் கோப்பிலன்று, கோப்பிலிருந்து எடுத்த சொல்லடைவில்தான் நடைபெறுகிறது. இதை மறவாதிருப்போமாக.

வந்ததும் போனதும்

நம் அரசு அலுவலகங்களில் தன்பதிவேடு என்றொரு பதிவேடு உண்டு. வந்த தபாலுக்கு நடப்பு எண் கொடுத்து எழுத்தர் அதில் பதிவார். நடவடிக்கை முடிந்ததும் முடிவைக் குறிப்பார். முடியாதவை நிலுவைப் பட்டியலில் ஏறும். சாணார்பட்டி ஊராட்சி ஒன்றிய அலுவலகமானாலும் தலைமைச் செயலகமானாலும் இதன் தத்துவம் ஒன்றே: வந்த தபால் எதுவும் எங்கே போனது என்று தெரியாமல் மறையக் கூடாது.

ஆவண ஆய்வு மென்பொருளில் உள்ள கோப்புப் பட்டியல் கணிப்பொறியின் தன்பதிவேடே ஆகும். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,000 கோப்புகள் வந்தன. மூட்டைகளைப் பிரித்தபின் மொத்தம் 1,460 ஆயின. அவற்றுள் இயக்கக் கோப்புகள் என்று ஒதுக்கியவை 150, நகல்கள் 210, பிழையின்றி முடிந்தவை 1,040, பிழை என்று நின்றவை 60. நான்கையும் கூட்டினால் 1,460 வருகிறது. கணக்குச் சரி. 1,459 வந்தால் கணக்குத் தவறு. அந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அடுத்த படிக்குச் செல்லலாகாது. வணிகவியல் மாணவர்களுக்கு இது புதிதன்று. இருப்பாய்வு எடுக்கும்போது ஒரு ரூபாய் இடித்தாலும் பேரேட்டை மீண்டும் புரட்டுகிறோமே, அதே முறைதான்.

பிழைகளின் வகைகள்

அந்த 60 கோப்புகளும் ஏன் நின்றன? காரணங்கள் பலவகைப்படும்.

முதலாவது, பூட்டிய கோப்பு. கடவுச்சொல் இல்லாமல் திறவாது. பூட்டுக்குப் பெயர்போன ஊர் நம் திண்டுக்கல். 2019ஆம் ஆண்டில் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல பூட்டைத் திறக்க உரிய சாவியே வேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஒருவர் ஒரு கோப்பைப் பூட்டி வைத்தார் என்றால், அதில் முக்கியமான செய்தி இருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சிதைந்த கோப்பு. நகலெடுக்கும்போது மின்சாரம் நின்றிருக்கலாம், வட்டு பழுதடைந்திருக்கலாம். மூன்றாவது, வெற்றுக் கோப்பு. பெயர் இருக்கும், உள்ளே ஒரு பைட்டும் இராது. நான்காவது, மென்பொருளுக்குப் பழக்கமில்லாத வகை. கட்டட வரைபடங்களும், பழைய கணக்கு மென்பொருள்களின் தரவும் இவ்வாறு நிற்பதுண்டு. ஐந்தாவது, அளவு மீறிய கோப்பு. பல லட்சம் வரிகள் கொண்ட எக்செல் தாளைத் திறக்க முயன்று, குறித்த நேரத்துக்குள் முடியாமல் மென்பொருள் கைவிட்டுவிடும். ஆறாவது, பாதி பிரிந்த மூட்டை. இதுவே பொல்லாதது. மடற்பெட்டி நடுவில் சிதைந்திருந்தால், முற்பகுதிக் கடிதங்கள் வெளிவந்துவிடும். பிற்பகுதி உள்ளேயே தங்கிவிடும். பட்டியலில் நிற்பதோ ஒரே ஒரு பிழை. அதன் பின்னால் ஓராயிரம் கடிதங்கள் மறைந்திருக்கலாம். ஆகவே பிழைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, "60 தானே!" என்று அமைதியடைவது அறியாமை.

பிழையை என்ன செய்வது?

மென்பொருள் நமக்கு இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, மீண்டும் முயல்வது, மற்றொன்று, புறக்கணிப்பது. இரண்டும் ஒரு பொத்தானை அழுத்தும் வேலைதான். ஆனால் காரணத்தை நீக்காமல் மீண்டும் முயல்வதில் பயனில்லை; காரணத்தை எழுதாமல் புறக்கணிப்பதில் நேர்மையில்லை.

பூட்டிய கோப்புக்கு உரியவரிடம் கடவுச்சொற்களைக் கேட்டுப் பெற்று, அவற்றை மென்பொருளில் ஒரு பட்டியலாக ஏற்றியபின் மீண்டும் முயல வேண்டும். சிதைந்த கோப்புக்கு, மூல இடத்திலிருந்து புதிதாக ஒரு நகல் எடுத்துவரச் சொல்ல வேண்டும். பல சமயங்களில் மூலம் நன்றாகவே இருக்கும், வழியில்தான் சிதைந்திருக்கும். பழக்கமில்லாத வகையானால், அதை உருவாக்கிய மென்பொருளிலேயே திறந்து பி.டி.எஃப்.ஆக மாற்றிப் பார்க்கலாம். நேரம் போதாமல் நின்றதைத் தனியாக, கூடுதல் நேரம் கொடுத்து ஓட்டலாம். வெற்றுக் கோப்பில் செய்வதற்கு ஒன்றுமில்லை. "வெறுமை" என்று எழுதி முடிக்கலாம்.

இத்தனையும் செய்தபின் எஞ்சுபவை சில இருக்கும். அவற்றை அழித்துவிடக் கூடாது. கோப்பின் எண், பெயர், பிழையின் வகை, என்னென்ன முயன்றோம், யார், எந்த நாளில் என்பவற்றை எழுதி, அக்கோப்பின் இடத்தில் "இதைத் திறக்க இயலவில்லை" என்ற ஒரு தாளை வைக்க வேண்டும். பின்னால் வருபவர் அங்கே ஒன்று இருந்தது என்பதையாவது அறிவார்.

பிழையென்று சொல்லாத பிழை

இதுவரை சொன்னவை கணிப்பொறியே ஒப்புக்கொள்ளும் பிழைகள். அவை யோக்கியமானவை. "என்னால் முடியவில்லை" என்று கை உயர்த்தும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லிக் கொடுக்கலாம். புரியாமலே தலையாட்டும் மாணவனை என்ன செய்வது? தமிழ் ஆவணங்களில் இந்தத் தலையாட்டும் வகைதான் மிகுதி.

யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்டன. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில் என்ற எழுத்துரு நெடுங்காலம் வழங்கியது. இலங்கைத் தமிழரிடையே பாமினி வழங்கியது. பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, கணிப்பொறிக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளே. அந்த எழுத்துரு இருந்தால் அம்மா. இல்லையேல் வெறும் ஆங்கிலக் குப்பை. மென்பொருள் கோப்பைத் திறக்கிறது. ஐந்து குறிகள் கிடைக்கின்றன. "எழுத்து எடுத்தாயிற்று, பிழை இல்லை" என்று குறித்துவிடுகிறது! அதன்பின் 'அம்மா' என்று ஆயிரம் முறை தேடினாலும் அக்கோப்பு வராது.

1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. பின்னர் 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆயினும் அதற்குமுன் தட்டச்சான கடிதங்கள் தாமாக மாறிவிடுவதில்லை. அவை இன்றும் பழைய வட்டுகளில் பழைய உருவிலேயே உறங்குகின்றன.

நான் பணியிலிருந்தபோது ஒரு வழக்கில் தமிழ்க் கடிதத் தொகுதி ஒன்று வந்தது. வழக்கு எது, யாருடையது என்பது இங்கு வேண்டாம். பதப்படுத்தியதில் ஒரு பிழையும் இல்லை. தேவையான கிராமப் பெயரைத் தேடியபோது ஒரு கடிதமும் வரவில்லை. "இல்லை" என்று எழுதி அனுப்பும் நேரம். எங்கள் குழுவிலிருந்த மூத்தவர் ஒருவர், "பிழையே இல்லாத தொகுதியை நான் நம்புவதில்லை, தம்பி" என்று சொல்லி, ஏதோ பத்துக் கோப்புகளை எடுத்து, மென்பொருள் உருவிய எழுத்தைக் கண்ணால் பார்த்தார். பத்தும் குப்பை. எழுத்துருவைக் கண்டறிந்து யூனிகோடுக்கு மாற்றி மீண்டும் சொல்லடைவு அமைத்தபோது, தேடிய கிராமம் பல கடிதங்களில் வந்து நின்றது. ஒருவருடைய நிலத்தைப் பற்றிய வழக்கு அது. அந்தப் பத்துக் கோப்புகளை யாரும் பார்க்காதிருந்தால், "அப்படியொரு கடிதமே இல்லை" என்பது ஆவணமாகியிருக்கும்.

சாணார்பட்டியைத் தேடுவது எப்படி?

யூனிகோடு வந்துவிட்டால் துன்பம் தீர்ந்ததா என்றால், முழுதும் தீரவில்லை. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் உள்ள எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'சாணார்பட்டி' என்பதில் 'ர்' என்பது ரகரமும் புள்ளியும் சேர்ந்தது. பழைய தட்டச்சுப் பழக்கத்தினர் பலர், ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலை அடித்து அதன்மேல் புள்ளி வைத்துவிடுவர். அது 'சாணாா்பட்டி' என்று அமையும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணிப்பொறிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

அதே சாலையிலுள்ள கோபால்பட்டிக்கு வேறொரு தொல்லை. 'கோ' என்பதைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் அமைக்கலாம். ஏகாரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்த்தும் அமைக்கலாம். இந்த வேறுபாட்டை நீக்கிச் சீராக்க யூனிகோடிலேயே விதி உண்டு. ஆனால் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள குழப்பத்தை அவ்விதி தீர்க்காது. நாமே மாற்று விதி எழுத வேண்டும். இவற்றோடு, ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தை உணரும்போது ணகரம் னகரமாவதுண்டு. ஆங்கிலத்திலோ எங்கள் ஊர்ப் பெயரை 'எஸ்' என்று மட்டும் தொடங்குவோரும் உண்டு. 'எஸ், எச்' என்று தொடங்குவோரும் உண்டு. ஆகவே ஊரை ஒருமுறை தேடினால் போதாது; அதன் எல்லா வேடங்களிலும் தேட வேண்டும்.

பிழையென்று சொல்லாத பிழையைப் பிடிக்க எளிய வழிகள் சில உள்ளன. பிழையின்றி முடிந்தவற்றுள், பக்கம் பல இருந்தும் எழுத்து மிகக் குறைவாக உள்ளவற்றைத் தனியே எடுத்துப் பார்க்கலாம். தமிழில் எழுதும் அலுவலகத்திலிருந்து வந்தும் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லாதவற்றைப் பட்டியலிடலாம். பழைய எழுத்துருக் கோப்புகள் அங்கே அகப்படும். ஆவணத்தில் இருப்பதாக நமக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு சொல்லை முதலில் தேடிப் பார்க்கலாம். அது வரவில்லையென்றால் வலை கிழிந்திருக்கிறது என்று பொருள். கடைசியாக, சில கோப்புகளை வரிசையின்றி எடுத்து மூலத்தையும் உருவிய எழுத்தையும் பக்கத்தில் வைத்து மனிதக் கண்ணால் ஒப்பிட வேண்டும். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற முதுமொழி கணிப்பொறிக்கும் பொருந்தும்.

சட்டம் கேட்பது

இவையெல்லாம் தொழில் நுணுக்கம் மட்டும் அல்ல. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது, 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் மின்னணுப் பதிவுகளுக்கென 65-பி என்ற பிரிவு சேர்ந்தது. 2014இல் அன்வர் வழக்கிலும், 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும், மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக ஏற்க உரிய சான்றிதழ் தேவை என உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி தரும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். கோப்பு கைமாறிய வழியில் மாறவில்லை என்பதை ஹேஷ் காட்டும். ஆனால் எந்தக் கோப்பைப் படிக்காமல் விட்டோம் என்பதை ஹேஷ் காட்டாது. அதைக் காட்ட வல்லது நாம் நேர்மையோடு எழுதி வைக்கும் பிழைப் பட்டியல் ஒன்றே.

விடுபட்ட எண்கள்

இந்த நேர்மை நமக்கு அயல்நாட்டிலிருந்து வந்த சரக்கன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. இன்றும் நூலகத்தில் புறநானூற்றை எடுத்துப் பாருங்கள். 266க்குப் பின் 269 வரும். கிடைத்தவற்றை மட்டும் வரிசையாக்கி எண் கொடுத்திருந்தால் நூல் குறைவற்றது போலத் தோன்றியிருக்கும். இரண்டு பாடல்கள் இருந்தன என்ற செய்தியே உலகுக்கு மறைந்திருக்கும். எண் நிற்பதால் இழப்பும் நமக்குத் தெரிகிறது. என்றேனும் ஓர் ஏடு கிடைத்தால் வைப்பதற்கு இடமும் இருக்கிறது.

நம்முள் பலர் நாளை அலுவலகங்களிலும் வங்கிகளிலும் நீதிமன்றங்களிலும் கணிப்பொறிமுன் அமரப் போகிறோம். ஒருவர் வந்து, "என் தகப்பனார் கொடுத்த மனு இருக்கிறதா, பாருங்கள்" என்று கேட்பார். நாம் தேடுவோம், திரை "இல்லை" என்னும். அவரிடம் அதைச் சொல்லும் முன், பிழைப் பட்டியலை ஒருமுறை திறந்து பார்ப்போமாக. அவருடைய மனு அங்கே, திறக்கப்படாமல், எண்ணோடு காத்திருக்கக்கூடும்.